நவீன சித்திரசாலையும் நம்மவரும்

சித்திரசாலை என்றும், நவீன கலை என்றும் பேச்செடுத்தால், தருமபுரி ஜில்லாக்காரனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் பேர்வழிகள் நம் தோழர்களுக்குள்ளாகவே இருக்கின்றார்கள். தண்ணீர், கடன், பெங்களூர்க் கூலி வேலை ஆகிய சங்கதிகள் கிடக்க, இது ஒரு விஷயமா என்பது அவர்கள் கேள்வி. விஷயந்தான் என்று நாம் சொல்லுகின்றோம்.

மத்திய சர்க்கார் நவீன கலைக்கென்று நடத்திவரும் தேசியக் கூடங்கள் மூன்று. முதலாவது 1954-ல் டில்லியில் ஜெய்ப்பூர் ராஜாவின் மாளிகையில் திறக்கப்பட்டது. பிறகு 1996-ல் பம்பாயிலும், 2009-ல் பெங்களூரிலும் கிளைகள் ஏற்பட்டன. பெங்களூர்க் கிளை இருப்பது மாணிக்கவேலு முதலியார் என்ற தனவந்தர் வாழ்ந்த மாளிகையில். ராஜாவின் வீடும் முதலாளியின் வீடும் பொதுச் சொத்தாகி, பொதுஜனங்கள் கொடுக்கும் வரிப்பணத்தில் நடைபெறுகின்றன என்றால் அதில் நமக்குச் சந்தோஷமே. அங்கே படங்களை மாட்டிவைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பிரசங்கங்கள், பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு, கூடவே நடந்து படங்களை விளக்கிச் சொல்லுதல், கலைஞர்களைப் பற்றிய சினிமாப் படங்களைக் காட்டுதல் ஆகியவைகளும் நடக்கின்றன.

சித்திரசாலையில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். நியூயார்க்கில் 1929-ல் ஏற்பட்ட நவீன கலைக்கூடம் 1935-லேயே சினிமாவுக்கென்று ஒரு தனிப் பிரிவை வைத்து, பழைய படங்களைச் சேகரித்துக் காப்பாற்ற ஆரம்பித்துவிட்டது. நாமோ சினிமா நடிகருக்குப் பாலாபிஷேகம் செய்வதைத்தான் சினிமா ஞானம் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

இனி நம்மவர் சங்கதிக்கு வருவோம். தருமபுரியிலிருந்தும், பென்னாகரத்திலிருந்தும், அரூரிலிருந்தும் பெங்களூருக்குப் போய்ச் செங்கல்லும் மணலும் சுமக்கும் ஆண் பெண் மக்கள் அநேகர். அந்த ஊர் மாடி வீடுகளில் அவர்களுடைய வேர்வை இருக்கின்றது. ஆனால் அவர்களில் அந்தச் சித்திரசாலைக்குள் கால் வைத்தவர் யார் என்று நாம் கேட்டுப் பார்த்தோம். நாம் கேட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. அப்படி ஓர் இடம் இருப்பதாகக்கூட அவர்களுக்குத் தெரியாது. கோவில் கர்ப்பக்கிரகத்தில் கேட்பதுபோல் அங்கே ஜாதி கேட்பதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் ஜாதி கேட்காமலேயே ஒருவனை வெளியே நிறுத்த முடியும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டோம்.

சில வருஷங்களுக்கு முன் வேறொரு பட்டணத்தில் (பெங்களூர் அல்ல, பெயரும் வேண்டாம்) ஒரு கலைக்கூடத்திற்குக் கொத்தனார் வேலை செய்யும் தோழர் ஒருவருடன் போயிருந்தோம். வாசலில் இருந்தவர் நம்மை விட்டுவிட்டு, அவரை மட்டும், “எந்த மேஸ்திரியின் ஆள்?” என்று கேட்டார். உள்ளே ஒரு படம் ஓடிற்று. முழுதும் இங்கிலீஷ். தமிழில் ஒரு வார்த்தை சொல்ல நாதியில்லை. தோழர் தூங்கிப்போனார். பக்கத்தில் இருந்த ஒரு கனவான், “இவர்களுக்கெல்லாம் இது எப்படிப் புரியும்?” என்று முணுமுணுத்தார். சமஸ்கிருத மந்திரத்தைச் சொல்லிவிட்டு, உனக்கு அர்த்தம் தெரியாது, நீ தள்ளி நில் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம்மவர்மீது குற்றமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1948-ல் ஏற்பட்ட பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் வெகுகாலம் ஒவ்வொரு கொட்டகையிலும் கதைப் படத்துக்கு முன்னால் காட்டப்பட்டு வந்தன. அப்போது பெரியவர்கள் வெளியே பீடி பிடிக்கப் போய்விடுவார்கள். சிறுவர்களாயிருந்த நாமும் முறுக்கு வாங்கப் போனவர்களே!

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவே சென்ற ஆண்டு பென்னாகரத்துக்கு அடுத்த ஒரு கிராமத்தில், பள்ளிக்கூடச் சுவரில் வேஷ்டியைக் கட்டி, இரவல் வாங்கிய கருவியைக் கொண்டு ஒரு படம் காட்டினோம். அது சத்யஜித் ரே 1972-ல், தமது ஆசிரியரான பினோத் பிஹாரி முகர்ஜி என்ற வங்காளச் சித்திரக்காரரைப் பற்றி எடுத்த ‘இன்னர் ஐ’ என்னும் படம். சுமார் இருபது நிமிஷந்தான் ஓடும். அந்தச் சித்திரக்காரர் பிறவியிலேயே பார்வை குறைந்தவர். நடுவயதுக்குமேல் அடியோடு கண் போயிற்று. அதற்குப் பிறகும் அவர் சித்திர வேலையை விடவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, நாம் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம்.

ஒருவர்கூட எழுந்து போகவில்லை. முடிந்ததும் ஒரு மூதாட்டி, “கண்ணு தெரியாம அளவு எப்படிப்பா புடிச்சாரு?” என்று கேட்டார். அதற்கு நாம் பதில் சொல்லுமுன், பானை வனையும் ஒருவர் எழுந்து, “கைக்குத் தெரியும் ஆயா, நான் சக்கரத்துல கண்ண வச்சா பாக்கறேன்?” என்றார். பிறகு அரைமணி நேரம் பேச்சு அவர்களுக்குள்ளாகவே நடந்தது. இதைவிட நல்ல பிரசங்கத்தை எந்தப் பண்டிதர் செய்துவிடுவார்? புரியாது என்ற கனவானை அன்று அங்கே உட்கார வைத்திருக்க வேண்டும்.

அது மாத்திரமல்ல. தருமபுரி நகரிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கின்றது. அதில் இந்தப் பக்கத்து நடுகற்கள் இருக்கின்றன. மாடு மீட்கப்போய் மாண்டவனை நாலு கோட்டில் கல்லில் நிறுத்தியவன் நம்மூர்த் தொழிலாளி. தேவையற்றதைத் தள்ளிவிட்டுச் சில கோடுகளில் உருவத்தைக் காட்டுவதைத்தானே நவீனம், நவீனம் என்கின்றார்கள்? அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் ஒரு திரையைக் கட்டிப் படம் காட்ட என்ன தடை?

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. பெங்களூர்க் கூடத்தார் தங்கள் படங்களையும், பேசத் தெரிந்த ஒருவரையும் மாதம் ஒருமுறை ஓசூருக்கும், கிருஷ்ணகிரிக்கும், தருமபுரிக்கும் அனுப்பட்டும். பேச்சு தமிழில் இருக்கட்டும். கன்னடமும் தெலுங்கும் பேசுகின்றவர்களும் இங்கு உண்டு, அவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லட்டும். பெங்களூரிலேயே கட்டட வேலைக்காரர்கள் இருக்கும் இடங்களுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று வாயால் அழைக்கட்டும். சுவரில் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒட்டியது அழைத்ததாக ஆகாது. வாசற்காவலருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும்.

செலவுக்குப் பணம் ஏது என்பார்களேயானால், அதிகச் செலவில்லை. நாம் காட்டியதற்கு ஆன செலவு, டீ உட்பட, நானூறு ரூபாய்க்குள்தான். வேஷ்டியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த மூதாட்டி அடுத்த படம் எப்போது என்று இரண்டு முறை ஆள் சொல்லியனுப்பிவிட்டார்.