வளையாத விதி வேண்டும்

ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும் வார இறுதியில் ரசிகர்கள் ஓட்டுநர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு விதிகளைப் பற்றியும் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ஆரம்பிக்கும் பேச்சு, ஞாயிறு இரவு முடிவு அறிவிக்கப்பட்ட பிறகும் ஓய்வதில்லை. அந்த வளைவில் முந்தியது முறையா? அவருக்கு ஐந்து விநாடி, இவருக்குப் பத்து விநாடி என்று தண்டனை ஏன் மாறியது? மஞ்சள் கொடி காட்டியபோது அவர் வேகத்தைக் குறைத்தாரா? இந்த வாதங்களை அணிவெறி என்று ஒதுக்கிவிடும் போக்கு அதிகாரிகளிடமும் சில விமர்சகர்களிடமும் இருக்கிறது. அது தவறு. விதிப்புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு வாதாடுகிற ரசிகர்தான் இந்த விளையாட்டின் நேர்மையில் அதிக அக்கறை கொண்டவர். அவர் கேட்பதும் நியாயமானது. விதி பந்தயத்துக்கு முன்பே தெளிவாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தீர்ப்புக்கான காரணம் அன்றைக்கே வெளியே சொல்லப்பட வேண்டும்.

ரசிகர்கள் கடுமையான விதிக்கு எதிரிகள் அல்ல. 2024 ஜூலை 28 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நடந்ததே இதற்குச் சான்று. ஒரே ஒருமுறை டயர் மாற்றிவிட்டுக் கடைசிவரை தாக்குப்பிடித்த மெர்சிடிஸ் ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸல், முதலாவதாகக் கோட்டைக் கடந்தார். மேடையில் கோப்பையும் வாங்கினார். பிறகு காரிலிருந்த 2.8 லிட்டர் எரிபொருளை வடித்துவிட்டு எடை போட்டார்கள். 796.5 கிலோ காட்டியது. இருக்க வேண்டியது 798 கிலோ. எடை இயந்திரம் சரியாகத்தான் இருக்கிறது என்பதை அணியின் முன்னிலையிலேயே உறுதி செய்துகொண்டார்கள். ஒன்றரை கிலோ குறைந்ததால் ரஸ்ஸலின் வெற்றி பறிபோனது. சக ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் வெற்றியாளரானார். ரஸ்ஸலின் ரசிகர்களுக்கு அது பெரிய வேதனை. ஆனாலும் தீர்ப்பு அநியாயம் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. அந்த எடை எல்லோருக்கும் ஒன்று, பந்தயத்துக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டது, அளந்து பார்க்கக்கூடியது. அணியும் தலைவணங்கி ஏற்றுக்கொண்டது.

இதற்கு நேர்மாறாக நடந்தது 2021 டிசம்பர் 12, அபுதாபி. அதைப் பற்றி இன்றும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் சரிசமமாக 369.5 புள்ளிகளோடு வந்தார்கள். 58 சுற்றுப் பந்தயத்தில் ஹாமில்டன் முன்னிலையில் இருந்தபோது, 53-வது சுற்றில் வில்லியம்ஸ் அணியின் நிக்கோலஸ் லத்தீஃபி தடுப்புச் சுவரில் மோதினார். எல்லாக் கார்களையும் தன் பின்னால் மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் உடனே பிட்டுக்குள் போய்ப் புதிய மென்டயர்களைப் போட்டுக்கொண்டார். ஹாமில்டனோ 14-வது சுற்றில் போட்ட பழைய டயர்களோடு தடத்திலேயே இருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு சுற்று பின்தங்கிய ஐந்து கார்கள்.

பின்தங்கிய கார்கள் சேஃப்டி காரை முந்தக் கூடாது என்று முதலில் அறிவிப்பு வந்தது. சற்று நேரத்தில் பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி, அந்த ஐந்து கார்கள் மட்டும் முந்திப் போகலாம் என்றார். பின்தங்கியிருந்த மற்ற மூன்று கார்களுக்கு அந்த அனுமதி இல்லை. கடைசிக் கார் முந்திய பிறகு இன்னொரு சுற்று முடிவில்தான் சேஃப்டி கார் வெளியேற வேண்டும் என்றது விதி. அதுவும் பின்பற்றப்படவில்லை. ஒரே ஒரு சுற்று பாக்கியிருக்கையில் பந்தயம் திறந்துவிடப்பட்டது. ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் முந்தினார். உலகப் பட்டமும் கை மாறியது. இரண்டு அணித் தலைவர்களும் வானொலியில் இயக்குநரை நெருக்கிக்கொண்டிருந்ததை உலகமே நேரலையில் கேட்டது.

வெர்ஸ்டாப்பன் அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பருவம் முழுக்க அவர் ஓட்டிய ஓட்டம் அப்படி. பிரச்சினை வேறு. மெர்சிடிஸ் கொடுத்த இரண்டு முறையீடுகளும் அன்றிரவே தள்ளுபடியாயின. சேஃப்டி கார் விஷயத்தில் இயக்குநருக்கு மேலான அதிகாரம் உண்டு என்ற இன்னொரு விதியை நடுவர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஒரு விதியை எழுதிவிட்டு, அதை மீறும் உரிமையை வேறொரு விதிக்குள் வைத்தால், முதல் விதிக்கு என்ன மதிப்பு? சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விசாரணை அறிக்கை 97 நாள் கழித்து, 2022 மார்ச் 19 அன்று வந்தது. மனிதத் தவறு நேர்ந்தது, இயக்குநர் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார், முடிவு மாறாது என்றது அறிக்கை. அதற்கு முன்பே மாசி அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். விதியின் வாசகமும் திருத்தப்பட்டது. முதல் நாளிலிருந்தே ரசிகர்கள் சொன்னது சரி என்பதைத்தான் இந்தத் திருத்தமும் நீக்கமும் ஒப்புக்கொண்டன.

அந்த 369.5-ல் வரும் அரைப் புள்ளிக்கும் ஒரு கதை உண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று ஸ்பாவில் விடாமல் மழை. குடை பிடித்துக்கொண்டும் மழைக்கோட்டுக்குள் ஒடுங்கியும் ரசிகர்கள் சேற்றில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய பந்தயம், மாலை ஆறேகாலுக்கு மேல் மறுபடி ஆரம்பித்தது. கார்கள் சேஃப்டி காரின் பின்னால் வரிசையாகச் சில சுற்றுகள் வந்தன, அவ்வளவுதான். ஒரு கார்கூட இன்னொரு காரோடு போட்டியிடவில்லை. ஆனாலும் அது பந்தயமாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. அரைப் புள்ளிகள் வழங்கப்பட்டன. வெர்ஸ்டாப்பனுக்கு 12.5, மூன்றாமிடத்தில் இருந்த ஹாமில்டனுக்கு 7.5. அந்தப் புள்ளிகள் இல்லாதிருந்தால் ஹாமில்டன் ஐந்து புள்ளி முன்னிலையோடு அபுதாபிக்குப் போயிருப்பார். ரசிகர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஹாமில்டனே அன்று வெளிப்படையாகச் சொன்னார்.

இதன் பிறகு எஃப்.ஐ.ஏ. விதியை மாற்றியது. சேஃப்டி கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்றாவது ஓடினால்தான் புள்ளி. ஓடிய தூரத்துக்கு ஏற்பப் புள்ளி கூடும், குறையும். நல்ல மாற்றம்தான். ஆனால் எழுதியவர்கள் கவனமாக எழுதவில்லை. 2022 அக்டோபர் 9 அன்று ஜப்பானின் சுசுகாவில் மழையால் 53 சுற்றுப் பந்தயம் 28 சுற்றோடு முடிந்தது. குறைந்த புள்ளிதான் கிடைக்கும் என்று அணிகளே கணக்குப் போட்டிருந்தன. அந்தக் கணக்குப்படி வெர்ஸ்டாப்பனின் பட்டம் அன்று உறுதியாகியிருக்காது. ஆனால், நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்க முடியாமல்போன பந்தயங்களுக்கு மட்டுமே அந்தக் குறைப்பு என்று வாசகம் அமைந்திருந்தது. சுசுகா பந்தயம் மீண்டும் தொடங்கி முடிந்ததால் முழுப் புள்ளி. தான் சாம்பியன்தானா என்பது வெர்ஸ்டாப்பனுக்கே சில நிமிடங்கள் விளங்கவில்லை. ஒரு விளையாட்டின் உலகப் பட்டம் உறுதியான கணத்தில் அதை வென்றவரும் அணிகளும் வர்ணனையாளர்களும் ரசிகர்களும் ஒன்றாகக் குழம்பி நின்றார்கள் என்றால், குற்றம் ரசிகரிடம் இல்லை. விதியை எழுதிய கையில்தான் இருக்கிறது.

அடுத்த மார்ச்சில் சவூதி அரேபியாவின் ஜெத்தாவில் நடந்ததும் வருத்தத்துக்குரியது. தொடக்கக் கட்டத்துக்குள் காரைச் சரியாக நிறுத்தாததற்காக ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கு ஐந்து விநாடி தண்டனை. பிட்டில் அதை நிறைவேற்றும்போது, காரில் வேலை செய்யக் கூடாத அந்த நேரத்தில், பின்பக்க ஜாக் காரைத் தொட்டது. மூன்றாமிடம் பிடித்து, தன் வாழ்க்கையின் நூறாவது மேடையில் நின்று கோப்பை வாங்கிய பிறகு, ஜாக் பட்டதற்காக மேலும் பத்து விநாடி என்று கூறி அவரை நான்காமிடத்துக்கு இறக்கினார்கள். அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் அணி, இப்படி ஜாக் பட்டும் தண்டனை இல்லாமல் விடப்பட்ட ஏழு சம்பவங்களின் காணொளிகளைக் கொண்டுவந்து காட்டியது. தண்டனை ரத்தாகி மூன்றாமிடம் திரும்பக் கிடைத்தது. ஜாக் பட்டால் குற்றமா இல்லையா என்பது நடுவர் அறைக்கே தீர்மானமாகத் தெரியவில்லை. பந்தயத்தின் முற்பகுதியில் நடந்த சம்பவம், பந்தயம் முடியும் தறுவாயில்தான் நடுவர்களின் மேசைக்கு வந்தது என்பது அதைவிட மோசம்.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கார்கள் ஒரு வளைவுக்குள் நுழையும்போது யாருக்கு இடம் உண்டு என்பதை எண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது. நடுவரின் விவேகம் தேவை. ஒப்புக்கொள்கிறோம். உயிர் சம்பந்தப்பட்ட முடிவுகளை இயக்குநர் நொடிப்பொழுதில் எடுக்கத்தான் வேண்டும். சுசுகாவில் 2014-ல் மீட்பு வாகனத்தில் மோதிப் பின்னர் உயிரிழந்த ஜூல் பியாங்கியை மறந்துவிட்டு யாரும் இதைப் பேசக் கூடாது. ஆனால் பாதுகாப்புக்காகத் தரப்படும் அதிகாரம் வேறு. பந்தயத்தைச் சுவாரசியமாக முடிக்க அதைக் கையிலெடுப்பது வேறு.

விதியில் உறுதியாக நின்றால் பந்தயமே கெட்டுப்போகும் என்பவர்கள் 2005 ஜூன் 19 இண்டியானாபொலிஸைக் காட்டுவார்கள். தமிழ் வாசகர்களுக்கு அது மறக்க முடியாத நாள். வெள்ளிக்கிழமை பயிற்சியில் 13-வது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் பழுதாகிக் கார் மோதியது. தங்கள் டயர்கள் அந்த வளைவைத் தாங்காது என்று மிஷெலின் நிறுவனம் கைவிரித்தது. வளைவுக்கு முன்னால் வேகத்தடைத் திருப்பம் ஒன்றை அமைக்கும்படி அணிகள் கேட்டன, எஃப்.ஐ.ஏ. மறுத்தது. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள் போய்விட்டன. மீதி ஆறு கார்கள்தான் ஓடின. ஜோர்டான் அணியில் இருந்த கோவை வீரர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1-ல் அவர் பெற்ற புள்ளிகள் அவை மட்டுமே.

அரங்கில் இருந்தவர்களுக்கு இழைக்கப்பட்டது பெரும் ஏமாற்றம், சந்தேகமே இல்லை. ஆனாலும் எஃப்.ஐ.ஏ. அன்று மறுத்தது சரி என்றே நாம் கருதுகிறோம். தடத்துக்கேற்ற டயரோடு வந்த அணிகள் மூன்று இருந்தன. வராதவர்களுக்காக ஒரே இரவில் தடத்தை மாற்றியிருந்தால், ஒழுங்காகத் தயாராகி வந்தவர்களுக்கு அநீதி. விதி நிலையாக நின்றதால், தவறு யாருடையது என்பதும் தெளிவாக இருந்தது. மிஷெலின் நிறுவனமே முன்வந்து ரசிகர்களின் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட்டுகளையும் வாங்கி அவர்களுக்கு அளித்தது. நரேனின் ஐந்து புள்ளிகளை ஆறு கார் பந்தயத்தின் புள்ளிகள் என்று குறைத்துப் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை. விதிப்படி ஓடி, விதிப்படி பெற்றவை அவை.

சில தகராறுகளுக்கு நடுவரே தேவையில்லை. 2023-ல் ஆஸ்திரியத் தடத்தில் வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாக 1,200-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாயின. பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்து எட்டு ஓட்டுநர்களுக்குத் தண்டனை விழுந்து முடிவுப் பட்டியல் மாறியது. அடுத்த ஆண்டு கடைசி இரண்டு வளைவுகளின் ஓரத்தில் சரளைக்கல் கொட்டினார்கள். கோட்டைத் தாண்டினால் நேரம் போகும் என்று தெரிந்ததும் ஓட்டுநர்கள் தாமாகவே கோட்டுக்குள் ஓட்டினார்கள். இத்தனை எளிய தீர்வுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

ரசிகர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அபுதாபிக்குப் பிறகு லத்தீஃபிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. வெளியே போகப் பாதுகாப்புக்கு ஆள் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு வந்தது. கார் சுவரில் மோதியதைத் தவிர அவர் செய்த பாவம் என்ன? விதியோடு மல்லுக்கு நிற்கும் உரிமை ரசிகருக்கு எவ்வளவு உண்டோ, ஆட்களைத் துரத்தும் உரிமை அவ்வளவுக்கு இல்லவே இல்லை. மிரட்டுபவர்களால்தான் நியாயமான கேள்விகளும் கூச்சலாகப் பார்க்கப்படுகின்றன.

எஃப்.ஐ.ஏ. 2025 ஜூனில் தண்டனை வழிகாட்டியையும் ஓட்டுநர் நடத்தை வழிகாட்டியையும் முதன்முறையாகப் பொதுவெளியில் வைத்தது. வரவேற்கிறோம், ஆனால் அது போதாது. பந்தயத்துக்குப் பந்தயம் நடுவர் குழு மாறுகிறது. தீர்ப்பின் போக்கும் அதோடு மாறுகிறது. முழுநேர ஊதியத்தில், பருவம் முழுக்க ஒரே குழு இருக்க வேண்டும் என்று ஓட்டுநர்களே கேட்டுவருகிறார்கள். கோடிக்கணக்கில் வருமானம் புரளும் ஒரு விளையாட்டுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டல்ல. கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் என்ன பார்க்கிறார், என்ன சொல்கிறார் என்பது தொலைக்காட்சியில் அப்படியே கேட்கிறது. நமக்குப் பிடிக்காத தீர்ப்பானாலும் எப்படி வந்தது என்று தெரிகிறது. ஃபார்முலா 1 நடுவர் அறையின் உரையாடலும் அப்படி வெளியே வரட்டும்.

2026-ல் காரும் இன்ஜினும் அடியோடு புதிய விதிகளுக்கு மாறிவிட்டன. புதிய விதி என்றால் புதிய தகராறும் நிச்சயம். அடுத்த பட்டம் இன்னொரு நடுவர் தீர்ப்பில் தொங்குவதற்கு முன்பே நிரந்தர நடுவர் குழுவை எஃப்.ஐ.ஏ. அமைக்க வேண்டும். தடத்தில் நடந்த ஒவ்வொரு சம்பவத்துக்கும் கோப்பை கொடுப்பதற்கு முன் தீர்ப்பு வர வேண்டும். அதன் காரணத்தையும் அப்போதே அறிவிக்க வேண்டும்.