தொலைந்த மெயில் யாருடையது?

போன வருடம் செமஸ்டர் லீவில் இரத்மலானையில் ஒரு ஒஃபிஸில் மூன்று மாதம் வேலை செய்தேன். கலைப்பீட மாணவிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீங்க. பில் நம்பர்களை எக்செல் ஷீட்டில் அடிக்கிற வேலைதான். வெள்ளவத்தையில் 101 பஸ்ஸில் ஏறினால் காலி வீதி முழுக்க நின்றுகொண்டே போகலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒருவருக்கும் மெயில் திறக்கவில்லை. மூலையில் ஏசிக்குக் கீழே இருந்த சேர்வர் சனி ஞாயிறில் படுத்துவிட்டது. முதலில் யாரும் பதறவில்லை. "பேக்அப் இருக்குத்தானே" என்றார் மனேஜர். இருந்தது. ஒவ்வொரு இரவும் பேக்அப் ஓடியதாகத் திரையில் பச்சைச் சரி அடையாளம் விழுந்துகொண்டுதான் இருந்தது. திருத்த வந்த பையன் அதைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: பேக்அப் டிஸ்க் நிறைந்து ஐந்து மாதமாகிவிட்டது. வேலை தொடங்கியது என்பதைத்தான் அந்தப் பச்சை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தது. முடிந்ததா என்று அந்த ஐந்து மாதமும் ஒருவரும் பார்க்கவில்லை.

ஸ்டோர்ஸில் வேலை செய்கிற அண்ணாமாருக்கு ஓவர்டைம் அனுமதி மெயிலில்தான் வரும். மாதக் கடைசியில் சம்பளம் போடும்போது, "அனுமதி மெயிலைக் காட்டுங்க" என்றார்கள். எதைக் காட்டுவது? கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற கணக்கு அக்கா ஒருவர் மட்டும், தன் பிரிவுக்கு வந்த அனுமதிகளை எல்லாம் பிரின்ட் எடுத்து ஒரு பெரிய ஃபைலில் குத்தி வைத்திருந்தார். "இந்தக் காலத்திலயும் பேப்பரா அக்கா?" என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். அந்த ஃபைலில் பெயர் இருந்த நாலு பேருக்குக் காசு கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்தது "அடுத்த மாதம் பார்ப்பம்" என்ற பதில்.

இதைப் பற்றிக் கதைத்தால், "அது ஐடி ஆக்களின்ர பிரச்சினை" என்று எல்லோரும் ஒதுங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெயில் தொலைந்தால் அடி விழுவது, ஒரு வாக்குக்கு அத்தாட்சி தேவைப்படுகிற ஆளுக்குத்தான். வாக்குக் கொடுத்த ஆளுக்கு அதில் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. சில வேளைகளில் வசதியாகக்கூட இருக்கும்.

இப்போது இதையே நாட்டளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்கத்தின் மெயில் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கக் கப்பம் கேட்கிற வகை அது. அந்தச் சேவை லங்கா அரசாங்க கிளவுட்டில் இருந்தது; தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமான ஐசிடிஏயின் பொறுப்பில் இருந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மெயில் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் போய்விட்டன. கிட்டத்தட்ட நூறு நாள்.

எப்படிப் போனது என்று பார்த்தால் இரத்மலானைக் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். பேக்அப் இருந்தது. ஆனால் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அதுவும் சேர்ந்தே பூட்டப்பட்டது. பிரித்துத் தனியாக வைத்த பிரதி அந்த நூறு நாளுக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2021 முதல் புதுப்பிக்க நினைத்தும் பணமில்லாததாலும் முன்னைய நிர்வாகச் சபையின் சில முடிவுகளாலும் அது தள்ளிப்போனது என்று ஐசிடிஏ சொன்னது. தினமும் ஓஃப்லைன் பிரதி எடுக்கப்போவதாகவும் சொன்னது. தாக்குதலுக்குப் பிறகு.

அந்த நூறு நாளில் நாட்டில் என்ன நடந்தது? உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது அப்போதுதான், ஜூலை 1 அன்று. எங்கள் அம்மா அப்பாவின் ஊழியர் சேமலாப நிதியைத் தொட்ட விஷயம் அது. அது சம்பந்தமான மெயில்கள்தான் அழிந்தன என்று நான் சொல்லவரவில்லை. எவை அழிந்தன என்பதை, அழிந்த மெயில்களைப் பார்க்காமல் யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஏனென்றால் அந்த மெயில்கள் அதிகாரிகளின் சொந்தச் சொத்து இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், "தகவல்" என்பதற்குள் மெயில்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த பின் உருவாகும் பதிவேடுகளைக் குறைந்தது 12 வருடம் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் கேட்டது 12 வருடம். இங்கே ஒரு வாரத்துக்கு முந்திய மெயிலுக்குக்கூட உத்தரவாதம் இருக்கவில்லை. இதற்காக யாராவது தெருவில் இறங்கினோமா? ஒரு மீம் கூட நினைவில் நிற்கவில்லை.

1981 இல் யாழ் பொது நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள். வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அதோடு போயின. அது திட்டமிட்ட வன்முறை, இது அலட்சியம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பிரதி என்றால் என்ன என்பதை எங்களுக்கு யாரும் பாடமெடுக்கத் தேவையில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஏற்றுகிற வேலையும் இந்த வலியிலிருந்து வேறானதல்ல. புத்தகத்துக்குப் புரிந்தது மெயிலுக்கு ஏன் புரியவில்லை?

"நாடு வங்குரோத்தாகி இருந்தபோது சேர்வருக்குச் செலவழிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மென்பொருளைப் புதுப்பிக்கக் காசு தேவைதான். ஆனால் ஒரு பிரதியை எடுத்து, வயரைக் கழற்றி, வேறொரு கட்டடத்தில் பூட்டி வைப்பதற்கு அவ்வளவு செலவில்லை. மாதத்துக்கு ஒருதடவை அதிலிருந்து பத்து மெயிலை மீட்டுப் பார்ப்பதற்கு ஒருவரின் ஒரு பின்னேரம் போதும். அங்கே குறைந்தது காசு மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

காசு இருந்தாலும் இந்தக் கவனம் தானாக வராது. தென்கொரியாவைப் பாருங்கள். 2025 செப்டெம்பரில் டேஜோன் நகரில் அரச தரவு நிலையம் ஒன்று தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமிக்கும் ஜி-டிரைவில் 858 டெராபைட் தரவு எரிந்துபோனது. வெளியே பிரதி இல்லை. அளவு பெரிது என்று எடுக்காமல் விட்டிருந்தார்கள். மறுபக்கம், 2011 பெப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பாவனையாளர்களில் 0.02 வீதமானோரின் மெயில்கள் மறைந்தன. கூகுள் பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கடைசியில் காப்பாற்றியது பழைய பாணி டேப். வலையமைப்பில் இல்லாததால் பிழை அதை எட்டவில்லை. கொட்டாஞ்சேனை அக்காவின் ஃபைல் மாதிரித்தான்.

எங்களில் பலர் செய்கிற ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஃபோனிலும் லெப்டொப்பிலும் ஒரே மெயில் தெரிகிறது என்பதற்காக இரண்டு பிரதி இருக்கிறது என்று நினைக்கிறோம். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். அது பேக்அப் இல்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. அதோடு, மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ணக்கூடாது. இதை நான் ஐந்து மாதப் பச்சை அடையாளத்தில் படித்தேன்.

இனி என்ன செய்யலாம்? தகவல் அறியும் உரிமை மனு போட யாருக்கும் சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். நான் இரண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் மெயில் பேக்அப்பிலிருந்து கடைசியாக மீட்டுப் பார்த்த திகதி எது? 2023 இல் மெயில்கள் தொலைந்திருந்தால், அவற்றில் எவ்வளவு பெறுநர்களிடமிருந்தோ கடதாசியிலிருந்தோ திரும்பச் சேர்க்கப்பட்டது?

முதலில் எங்கள் பிரதேச செயலகத்துக்கு அனுப்பப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் ஒன்றுக்கு அனுப்புங்க. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். வராவிட்டால் அதையும் போடுகிறேன். அனுப்பிய மனுவின் ஒரு பிரதியைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ள மறக்காதீங்க.