‘பிளான் இலவசம்’: யார் காசில்?

ஆர்க்கிடெக்டுக்குக் கொடுக்கும் காசு தண்டம். நாலு கொட்டேஷன் வாங்கு, சதுர அடிக்கு எது குறைவோ அதைப் பிடி. நேரே பில்டரிடம் போனால் பிளானே இலவசம். ஓசூர், கிருஷ்ணகிரி சிறுதொழில்காரர்களுக்குச் சென்ற இதழில் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் வழங்கிய அறிவுரை இது. இதைக் கேட்டு நடந்தால் யாருக்கு லாபம் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

கொட்டேஷனில் அவர் கண்ணுக்குப் படுவது கடைசி வரியில் உள்ள தொகை ஒன்றுதான். அதற்கு மேலே இருப்பதையும் கொஞ்சம் படிப்போம். அசோக் லேலண்டுக்கோ டிவிஎஸ்ஸுக்கோ உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒருவர், சிப்காட் பக்கம் 10,000 சதுர அடியில் ஷெட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொட்டேஷன் சதுர அடிக்கு 12 ரூபாய், இன்னொன்று 30. கட்டுரையாளர் கணக்கில் 1,80,000 ரூபாய் மிச்சம். சரி, அந்த 12 ரூபாய்க்கு என்ன தருகிறார்கள்? பிளான், எலிவேஷன், சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு 3டி படம். ஸ்ட்ரக்சரல் டிராயிங் தனி. மண் பரிசோதனை தனி. ஒரே மனையில் ஒரு மூலையில் பாறையும் மறுமூலையில் கொட்டி நிரப்பிய மண்ணும் இருக்கக்கூடிய ஊர் இது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் ஒப்புதல் வாங்க வேண்டிய வரைபடம் தனி. ஒயரிங், கழிவுநீர் தனி. சைட் விசிட், வந்தால் வந்த தடவைக்குக் காசு. இதில் பாதி, ‘தனி’ என்றுகூட எழுதப்பட்டிருக்காது. தூண் ஏறி நின்ற பிறகு, “மேலே கிரேன் ஓடும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்” என்று வாய்மொழியாக வரும். அன்றைக்கு அந்த 1,80,000 எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.

இரும்பு ஷெட் கம்பெனிகள் டிசைனைச் சும்மா தருகின்றனவே என்கிறார். தருகின்றன, இரும்புக்கு மட்டும். அஸ்திவாரமும் தரையும் யார் பொறுப்பு என்று அவர்கள் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

பில்டரின் இலவச பிளானோ இன்னும் வேடிக்கை. எத்தனை எம்எம் கம்பி என்று முடிவு செய்பவரும் அவரே, கட்டுபவரும் அவரே, அளந்து பில் போடுபவரும் அவரே. பரீட்சை எழுதியவனே விடைத்தாளைத் திருத்துகிறான். பிளானுக்கான காசு சதுர அடி ரேட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ரசீதில் தெரியாது, அவ்வளவுதான் இலவசம்.

சதவீதக் கட்டணம் என்றால் செலவு ஏற ஏற ஆர்க்கிடெக்டுக்குக் கொண்டாட்டம் என்கிறார். கட்டுரையில் நியாயமான சந்தேகம் இது ஒன்றுதான். அதற்கு வழி இருக்கிறது: தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டின் மேல் மட்டுமே கட்டணம் என்று எழுதி வாங்கலாம், மொத்தத் தொகையாகவும் பேசலாம். செலவு ஏறினால் பில்டருக்கும் கொண்டாட்டம்தானே? அங்கே மட்டும் பேனா நின்றுவிட்டது.

18 சதவீத ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வேறு எழுதியிருக்கிறார். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சொந்த உபயோகத்துக்குக் கட்டடம் கட்ட வாங்கும் சேவைக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அடைத்து வைத்திருக்கிறது.

பெங்களூரு ஆர்க்கிடெக்ட் கொள்ளை, ஓசூர்க்காரர் மலிவு என்பது வெறும் ஊர்ப்பேச்சு. எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் விதியே வேறு. இங்கே 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அப்ரூவலுக்குப் போன பிளான் திரும்பி வந்தால் யார் செலவில் திருத்துவது? எந்த ஊர் கொட்டேஷனிலும் தேட வேண்டிய வரி அது.

கடைசியில் உச்ச நீதிமன்றத்தையும் சாட்சிக்கு இழுக்கிறார். ஆர்க்கிடெக்சர் கவுன்சில் வழக்கில் 2020 மார்ச்சில் வந்த தீர்ப்பு, 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37-ஆம் பிரிவு ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைத்தான் காக்கிறது, வடிவமைப்பு வேலையைப் பிறர் செய்வதைத் தடுக்கவில்லை என்றது உண்மை. பதிவு செய்யாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது என்றதும் அதே தீர்ப்புதான். அந்தப் பாதியைக் கட்டுரையில் காணோம். ஆர்க்கிடெக்ட் வேண்டாம் என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. அடுத்த கட்டுரையில், தம் இலவச பிளானின் கீழே கையெழுத்துப் போடுபவர் யார், அவர் பதிவு எண் என்ன, பீம் விரிசல் விட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் சேர்த்து எழுதட்டும். இடம் தர ஆசிரியர் மறுக்கமாட்டார்.