வாங்குகிறவன் புகாரும் நம்ம புகாரும்



சரக்கு வாங்குகிறவன் முகம் சுளித்தால் முதலாளிக்குத் தூக்கம் கெடும். வேலை செய்கிறவன் குறை சொன்னால், "பெரட்டுக்கு நேரமாச்சு, போ" என்பார் தண்டல். நாம் காலங்காலமாகக் கண்ட கதை இது.

பால்மரக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது ரப்பர் சீட்டைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். டயர் செய்யும் ஆலைக்காரர்களுக்கு அது போதவில்லை. ஒரு கட்டைப் போல இன்னொரு கட்டு இல்லை, குப்பை கலந்திருக்கிறது என்று குறைப்பட்டார்கள். செயற்கை ரப்பரும் போட்டிக்கு நின்றது. ஆகவே 1965-இல் எஸ்.எம்.ஆர். என்ற முறை வந்தது. ரப்பரில் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று சோதித்து, கட்டியாக அழுத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்பும் முறை அது.

வாங்குகிறவன் குறை தீர்ந்தது. தோட்டத்திலோ, மங்கில் இலை விழக்கூடாது, பட்டை விழக்கூடாது என்று வெட்டுக்காரர் தலையில் புதுப் பொறுப்பு ஏறியது. கட்டி ரப்பருக்கு மாறிய இடங்களில் புகை வீடு ஓய்ந்தது. அதை நம்பிப் பிழைத்தவர்கள் வேறு வேலை பார்க்க வேண்டியதாயிற்று.

இப்போது செம்பனைக் காலம். புகாரின் விதமும் மாறிவிட்டது. 2020 செப்டம்பரில் எஃப்.ஜி.வி. எண்ணெயையும், டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெயையும் அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்தியது. எண்ணெயில் குறை ஒன்றும் சொல்லவில்லை. தொழிலாளரிடம் கட்டாய வேலை வாங்கும் அடையாளங்கள் தெரிகின்றன என்பதே குற்றச்சாட்டு. கடப்பிதழைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் மாட்டி வைப்பது எல்லாம் அந்த அடையாளங்களில் சேர்ந்தவை. 2022 ஏப்ரலில், நியூட்டெல்லா செய்யும் பெரேரோ கம்பெனியும் சைம் டார்பியிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது.

பாருங்கள் மாற்றத்தை! வேலைக்கு வருவதற்காக அந்நியத் தொழிலாளர்கள் ஏஜெண்டுகளிடம் கொட்டிக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர, சைம் டார்பி 8 கோடி வெள்ளிக்கு மேல் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் அதன் மீதிருந்த தடை நீங்கியது. 2024-இல் அதன் பெயர் எஸ்.டி. கத்ரி என்று மாறியது.

"அது வெளிநாட்டுக்காரனுக்குக் கெடைச்சது, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அப்படி ஒதுங்கக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் சம்பளத்தை அமுக்க முடிந்த இடத்தில் நம் சம்பளம் மட்டும் உயருமா? சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வெட்டின அளவுக்கும் குலைக் கணக்குக்கும் கூலி வாங்குகிறவர்களையும் அது சேரும். தோட்ட வீடு, தண்ணீர் வசதிக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

கடல் கடந்த புகார் பலித்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அதன் பின்னால் பணம் இருந்தது. மற்றொன்று, அது ஆதாரத்தோடு எழுத்தில் வந்தது. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது இருக்கிறதே! கிராணியிடம் வாயால் சொன்னது காற்றோடு போகும். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். தண்ணீர் வராத நாளையும் பிடித்தம் செய்த தொகையையும் தேதியோடு குறித்து வையுங்கள். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுச் சங்கத்திடம் கொடுங்கள். அங்கே நகராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

இனி எந்தப் புது முறை வந்தாலும் பெரட்டிலேயே கேளுங்கள்: "இதுக்காக எங்களுக்குக் கூடுற வேலை எவ்வளவு? கூடுற கூலி எவ்வளவு?" கேட்பது குற்றமில்லை. வாங்குகிறவனும் கேட்டுத்தானே வாங்கினான்!