கூலியை முடக்கிய பிறகுதான் நாட்டை முடக்கினார்கள்

ஜூன் 25 வந்தால் போதும், முதலாளிகளின் பத்திரிகைகள் எமர்ஜென்சியை நினைத்து ஒப்பாரி வைக்கின்றன. அலகாபாத் ஹைகோர்ட்டு தீர்ப்பு, இந்திரா காந்தியின் பதவி மோகம், இரவோடு இரவாக ஜனாதிபதி போட்ட கையெழுத்து - இவ்வளவுதான் கதையாம்! அப்படியானால் 1974 எங்கே போயிற்று? அந்த ஆண்டைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்கிறோம்.

வறட்சியும், 1973 எண்ணெய் விலையேற்றமும், பதுக்கல்காரர்களின் கொள்ளையும் சேர்ந்து மொத்த விலைகளை ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றின. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கியூவில் நின்ற தொழிலாளி போனஸும் கூலி உயர்வும் கேட்டான். 1974 மே 8ந் தேதி சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். சர்க்கார் என்ன செய்தது? பேச்சுவார்த்தை முடியுமுன்பே தலைவர்களைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளியது. குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களைத் தெருவில் எறிந்தது.

இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் யுத்தத்துக்காகப் பிரகடனம் செய்த நெருக்கடி நிலை, யுத்தம் இரண்டே வாரத்தில் முடிந்த பின்னும் ரத்து செய்யப்படவில்லை! இந்தியப் பாதுகாப்பு விதிகளும் மிசாவும் தயாராகக் கையில் இருந்தன. எதிரிக்கென்று தீட்டிய கத்தி ரயில்வே கலாசியின் கழுத்துக்கு வந்தது.

ஜூலையில் இன்னொரு அடி. கூலி உயர்வு முழுவதையும், பஞ்சப்படி உயர்வில் பாதியையும் கட்டாய டெபாசிட்டாக முடக்கி அவசரச் சட்டம் போட்டார்கள். இத்தனைக்கும் பிறகுதான் 1975 ஜூன். அந்த இரவின் பிரகடனத்தை மந்திரிசபையே மறுநாள் காலையில்தான் அறிந்தது. மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டினார்கள். யாருக்காக இந்தச் சர்வாதிகாரம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஜெர்மனியிலும் ஹிட்லர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1930 முதல் புரூனிங் சர்க்கார் பார்லிமெண்டை ஒதுக்கிவிட்டு, அரசியல் சட்டத்தின் 48வது ஷரத்தைக் காட்டி அவசர ஆணைகளால் கூலியை வெட்டிற்று. 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் 60 லட்சம். மறு ஆண்டு ஹிட்லர் நாற்காலி ஏறினான்.

பழங்கதை என்று எண்ணும் தோழர்களைப் பேரிகைக்கு அழைக்கிறோம். எல்லைக்கு அப்பால் மாலூர், அது கர்நாடகம். 2020 மே மாதம் கொரோனா நெருக்கடியைச் சாக்கிட்டு அங்கே 10 மணி நேர வேலைக்கு உத்தரவு போட்டார்கள். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போன பிறகே வாபஸ். 2023 பிப்ரவரியில் 12 மணி நேரத் திருத்தம். மாலூரைக் காட்டி ஓசூரை மிரட்டுவதும், ஓசூரைக் காட்டி மாலூரை மிரட்டுவதும் முதலாளிகளுக்குக் கைவந்த கலை. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 21 அன்று, சென்னைச் சட்டசபையிலும் 12 மணி நேர மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகு மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கினார்கள்.

டில்லி வாபஸ் வாங்கவில்லை. 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் சபைக்கு வெளியே நின்றபோது நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளன. 14 நாள் நோட்டீஸ் தராத வேலை நிறுத்தம் சட்டவிரோதமாம்! ரயில்வேக்காரனை ஒடுக்க அன்று யுத்த கால விதி வேண்டியிருந்தது; இன்று அதுகூட வேண்டாம். ஆள்குறைப்புக்கு சர்க்கார் அனுமதி பெற வேண்டிய வரம்பும் 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகிவிட்டது. காண்டிராக்ட் ஆட்களைக் கழித்துவிட்டு எண்ணினால், பேரிகைப் பக்கத்து ஷெட்டுகளில் 300 பேர் தேறுவது எத்தனை?