கூட நடக்கட்டும், தீர்ப்பெழுத வேண்டாம்

அடி உதையிலிருந்தும் கவனிப்பாரற்ற நிலையிலிருந்தும் காப்பதாகச் சொல்லி, பெற்றோரிடமிருந்து பிரித்து, அமெரிக்க அரசு தன் பொறுப்பில் வைத்திருக்கும் குழந்தைகள் 2023 கணக்குப்படி ஏறத்தாழ 3.4 லட்சம் பேர். இவர்களைச் சுற்றி ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வளர்ப்பு வீடு மாறும். கூடவே பள்ளிக்கூடமும் மாறும். அரசின் சமூகப் பணியாளர் வேலையை விட்டுப் போவார்; புதிதாக வருபவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். துணிமணிகளைக் குப்பைப் பையில் திணித்துக்கொண்டு வீடு வீடாக அலைந்ததை அப்படி வளர்ந்த பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் குழந்தைகளுக்காக அங்கே நீதிமன்றம் நியமிக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். திட்டம் தொடங்கிய இடம் சியாட்டில். குழந்தைகளுக்கு எதிரான வன்கொடுமை வழக்குகளில் அவர்கள் சார்பில் ஒரு பிரதிநிதி வேண்டும் என்று 1974இல் மத்தியச் சட்டம் வந்தது. ஆனால், ஆள் எங்கே கிடைக்கும்? டேவிட் சூக்கப் என்ற நீதிபதிக்கு வேறொரு கவலையும் இருந்தது. குழந்தையைத் தாயிடம் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போதிய தகவலே தன்னிடம் இல்லை என்று அவர் தூக்கமின்றித் தவித்தார். ஆர்வமுள்ள சிலரை மதிய உணவு நேரத்தில் வரச்சொல்லுமாறு தன் நீதிமன்ற ஊழியரிடம் கேட்டதாகவும், போய்ப் பார்த்தால் ஐம்பது பேர் காத்திருந்ததாகவும் பின்னாளில் அவர் கூறினார். 1977இல் திட்டம் தொடங்கியது. பிறகு நாடெங்கும் பரவியது.

ஆக, நீதிபதிக்குக் கண்ணும் காதுமாக இருக்கத்தான் ஆள் தேடினார்கள். குழந்தைக்குத் துணை கிடைத்தது அதன் உபரி விளைவு. என் பார்வையில் அந்த உபரிதான் உருப்படியானது.

தன்னார்வலருக்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. குறைந்தது 30 மணி நேரப் பயிற்சி, நீதிபதி முன் உறுதிமொழி. பிறகு ஒரு குழந்தை, அல்லது ஒரே வீட்டுப் பிள்ளைகள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சுமக்கும் சமூகப் பணியாளருக்குக் கண்ணில் படாதவை இவருக்குப் படும். வீடு மாறும்போது மூக்குக்கண்ணாடி உடைந்துபோன பையனை வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை தெரியாமல் மதிப்பெண் குறைகிறது. புதிய பள்ளியோ அவனைப் படிப்பில் மந்தம் என்று எழுதிவைக்கிறது. பழைய பள்ளி ஆவணம் வந்து சேரவில்லை. மாதம் ஒருமுறையாவது வந்து பக்கத்தில் உட்காருபவர்தான் அவன் கண்ணைச் சுருக்கிப் படிப்பதைக் கவனிப்பார். அடுத்த விசாரணைக்கான அறிக்கையில் இரண்டு வரி எழுதினால் போதும், “கண்ணாடி ஏன் இன்னும் வாங்கவில்லை?” என்று நீதிபதி குழந்தைகள் நலத் துறையைக் கேட்பார். வேறு யார் கேட்டாலும் இவ்வளவு சீக்கிரம் நடக்காது.

சிக்கல் அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. குழந்தை எங்கே வளர்வது அதற்கு நல்லது என்றும் தன்னார்வலர் பரிந்துரைக்கிறார். அமெரிக்காவில் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகப் பதிவாகும் குழந்தைகளில் சுமார் முக்கால்வாசிப் பேர் விஷயத்தில் புகார் அடி அல்ல, கவனிப்பின்மை. அதில் பெரும்பகுதி வறுமையின் மறுபெயர். கட்டில் இல்லாமல் தரையில் கிடக்கும் மெத்தை, பாதி காலியான குளிர்பதனப் பெட்டி, இரவு ஷிப்டுக்குப் போகும் அம்மா. இவற்றைப் பார்க்கப் போகும் தன்னார்வலர் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரப் பெண்மணி. பார்க்கப்படும் குடும்பங்களிலோ கறுப்பினத்தவர் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். நல்ல மனதுக்கும் ஒரு வர்க்கம் உண்டு.

இது வெறும் ஊகமல்ல. டெக்சஸ் மாநிலத் தரவுகளை ஆராய்ந்த சிந்தியா ஆஸ்போர்ன் குழுவினர், தன்னார்வலர் நியமிக்கப்பட்ட குழந்தைகள் பெற்றோரிடம் திரும்பும் வாய்ப்பு குறைவு என்று கண்டார்கள். தாத்தா பாட்டி போன்ற உறவினரிடம் நிரந்தரமாகச் சேரும் வாய்ப்பும் குறைவுதான். சிக்கலான வழக்குகளுக்குத்தானே தன்னார்வலரை அனுப்புகிறார்கள், முடிவும் அப்படித்தானே வரும் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே ஆய்வாளர்கள் புள்ளியியல் முறையில் ஒத்த நிலையிலுள்ள குழந்தைகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அப்படியும் வித்தியாசம் மறையவில்லை.

எதிர்ப்பக்கம் நிற்கும் தாய்க்கு என்ன இருக்கிறது? பிள்ளை மீதான உரிமையை நிரந்தரமாகப் பறிக்கும் வழக்கில்கூட, ஏழைத் தாய்க்கு எல்லா நேரமும் அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று 1981இல் லாசிட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பல மாநிலங்கள் தாமாகவே வக்கீல் தருகின்றன என்பது உண்மை. குழந்தைகள் விஷயத்திலோ, பிரதிநிதி வக்கீலாக இருக்கலாம், தன்னார்வலராகவும் இருக்கலாம் என்று மத்தியச் சட்டமே விட்டுவைத்திருக்கிறது. மலிவான வழி எது என்று மாநிலங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

திட்டம் பிறந்த வாஷிங்டன் மாநிலமே 2021இல் வேறு பாதையில் இறங்கியது. எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளுக்கு வக்கீல் என்று சட்டம் இயற்றி, மாவட்டம் மாவட்டமாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. வறுமை, வீட்டு வசதிக் குறைவு ஆகியவற்றை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்றும் அதே ஆண்டு இன்னொரு சட்டம் செய்தது. வக்கீல் குழந்தை சொல்வதை நீதிமன்றத்தில் சொல்வார். குழந்தைக்கு நல்லது எது என்று தான் நினைப்பதை அல்ல. பேச்சு வராத சிசுவுக்கு இது பொருந்தாதுதான், அங்கே வேறு ஏற்பாடு வேண்டும்.

தன்னார்வலரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. பார்த்ததை எழுதட்டும், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கூடப் போகட்டும், வீடு மாறினாலும் தொடர்ந்து வரட்டும். எங்கே வளர வேண்டும் என்ற பரிந்துரை மட்டும் அவர் கையிலிருந்து போகட்டும். அந்த வாதத்தைக் குழந்தையின் வக்கீலும் பெற்றோரின் வக்கீலும் நேருக்கு நேர் நடத்தட்டும். பணத்துக்கு எங்கே போவது என்று மாநிலங்கள் கைவிரிக்கும். இருவரின் வக்கீல் செலவிலும் ஒரு பகுதியை மத்திய அரசின் வளர்ப்புப் பராமரிப்பு நிதியிலிருந்து திரும்பப் பெறலாம் என்று 2019இலேயே வழி திறந்துவிட்டார்கள். அந்த நிதிக்கு முறையாக விண்ணப்பித்துவிட்டுக் கைவிரித்தால் கேட்டுக்கொள்ளலாம்.