குவளையிலும் குலமா?

“பாரம்பரியக் காப்பி” என்று பித்தளை டவராவின் படம் போட்டு நெடுஞ்சாலை நெடுகிலும் பலகைகள் தொங்குகின்றன. எந்தப் பாரம்பரியம்? எவருடைய பாரம்பரியம்? கேட்கிறோம். கேட்டால் சிலருக்குச் சினம் வருகிறது, வரட்டும்!

காப்பி பிறந்த மண் எத்தியோப்பியா. அங்கே இன்றும் வீட்டுத் தலைவி பச்சைக் கொட்டையை விருந்தினர் கண்ணெதிரே வறுக்கிறாள், உரலில் இடிக்கிறாள், ‘ஜெபனா’ எனும் நீள்கழுத்து மண்கலத்தில் காய்ச்சுகிறாள். அபோல், தோனா, பரக்கா என மூன்று சுற்று. அதே பொடியில் மீண்டும் மீண்டும் நீரூற்றிக் காய்ச்சுவதால் சுற்றுக்குச் சுற்றுக் காப்பி இளகும். அண்டை அயலாரோடு உறவு இறுகும்.

ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வழிபாட்டில் உறங்காதிருக்க இதனை அருந்தினர். 1511இல் மெக்காவின் அதிகாரி காயிர் பெக் தடை விதித்தார். தடைதான் செத்தது, காப்பி சாகவில்லை! அராபியர் அவையிலே, ‘தல்லா’ எனும் கொக்கு மூக்குக் கெண்டியை இடக்கையில் ஏந்தி, பிடியில்லாச் சிறு கிண்ணத்தில் ஏலம் மணக்க ஊற்றுவர். போதுமென்றால் கிண்ணத்தை மெல்ல ஆட்டிக் காட்ட வேண்டும். பழைய வழக்கப்படி சில கிண்ணங்களே அவை முழுதும் சுற்றும். ஒருவர் குடித்துத் தந்தது அடுத்தவர் கைக்குப் போகும். பெருமகனுக்கே முதற்கிண்ணம் என்ற ஏற்றத்தாழ்வு அங்கும் உண்டு, மறைக்கமாட்டோம். ஆயினும் கிண்ணம் சுற்றுகிறது!

இங்கே? கொட்டை ஆப்பிரிக்காவினுடையது, காய்ச்சக் கற்றது அராபியரிடம், கலக்கும் சிக்கரி ஐரோப்பாவினுடையது. ஓர் உருளைமேல் ஓர் உருளை அடுக்கிச் சொட்டுச் சொட்டாய் வடிக்கும் வடிகட்டியும், பாலும், டவராவும் நாம் சேர்த்தவை. நல்ல சேர்க்கைதான், சுவைக்கிறோம். ஆனால் அதோடு நின்றார்களா? “பிராமணாள் காப்பி கிளப்” என்று பலகையும் மாட்டினார்களே! கடல் கடந்து வந்த கொட்டைக்குப் பூணூல் போட்டவர் யார்?

தொடர்வண்டி நிலைய உணவகங்களில் இருந்த தனியிடம், போராட்டத்தின் பின் 1941இல் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்தனர். ஒரு சொல்லை அழிக்க எத்தனை நாள், எத்தனை பேர்! இறுதியில் அச்சொல் இறங்கியது.

“அண்ணாந்து குடிப்பது சுகாதாரம்” என்பர். சுகாதாரமே நோக்கமானால் குவளையைக் கொதிநீரில் கழுவுக. கழுவியதை எவருக்கும் தருக! சேர்வராயன் மலையில் கொட்டை பறிக்கும் கை தொட்டால் தீட்டில்லை, அந்தக் கைக்குரியவர் வாய் பட்ட குவளை மட்டும் தீட்டாம்! இது சுகாதாரமா, சூழ்ச்சியா?

பொது உணவு விடுதியின் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரால் மறுப்பது குற்றமென்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இரட்டைக் குவளையோ இன்னும் முற்றாகச் சாகவில்லை, வேடம் மாற்றியிருக்கிறது. சிற்றூர்க் கடைகள் சிலவற்றில் ஊராருக்குக் கண்ணாடிக் குவளை, சேரியாருக்குக் காகிதக் குவளை. கசக்கி எறிந்துவிட்டால் சான்றும் இல்லை அல்லவா?

இளைஞர்களே! உங்கள் ஊர்க் கடையில் யாருக்கு எதில் ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். பிரிவு கண்டால் இருவராய், மூவராய்ச் சென்று அதே கண்ணாடிக் குவளையைக் கேளுங்கள். மறுத்தால் நாளையும் நேரத்தையும் குறித்து, கண்டவர் கையொப்பத்தோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.